கரீம் பாட்சா மாநாட்டுக்கு ஹால் பிடித்தது

மதீனா பீவி "சரி" என்று சொன்னாள்.

கரீம் பாட்சாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆகிறது. ரேடியோ சம்பந்தப்பட்ட எந்த விஷயத்துக்கும் அந்த வாயிலிருந்து "சரி" வந்ததில்லை. "சனியன்" வந்திருக்கிறது. "கொள்ளையில போக" வந்திருக்கிறது. ஒருமுறை கையிலிருந்து செம்பு வந்திருக்கிறது. "சரி" மட்டும் வந்ததே இல்லை.

அவர் சொன்ன விஷயமும் லேசுப்பட்டதில்லை. வருகிற பிப்ரவரி பத்து, பதினொன்று, சனி ஞாயிறு இரண்டு நாளும் பம்பாயில் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் மாநாடு. நாடு முழுவதிலுமிருந்து இருநூற்றைம்பது பேர் வருகிறார்கள். அதற்கு இடம் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பு தாராவி கரீம் பாட்சாவுடையது. யாரும் அவர் தலையில் கட்டவில்லை. சங்கக் கூட்டத்தில் அவரே எழுந்து நின்று, நெஞ்சில் தட்டிக்கொண்டு, கேட்டு வாங்கி வந்தது.

"இருநூத்தம்பது பேரா?" என்று கேட்டாள் மதீனா பீவி.

"ஆமா."

"ரெண்டு நாளும் இங்கதான் இருப்பாவளா?"

"ஆமா."

"சரி. நல்லா நடத்துங்க."

சொல்லிவிட்டு டீ கிளாஸை நீட்டினாள். ஒரு வாய் குடித்துப் பார்த்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது. அந்த நிமிஷமே அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

சந்தேகப்படுவது கரீம் பாட்சாவின் பிழைப்பு. தாராவி மெயின் ரோட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பாடாத ரேடியோ ஒன்று வந்தால் முதலில் வால்வைச் சந்தேகப்பட வேண்டும். பிறகு கண்டென்சரை. பிறகு கொண்டுவந்த ஆளை. வேறு எங்கேயோ கொடுத்துக் குடைந்துவிட்டுத்தான் இங்கே வந்திருப்பான். எல்லாரையும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு முடித்த பிறகுதான் கரீம் பாட்சா ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பார். இருபது வருஷம் இப்படிப் பழகிய மூளை வீட்டுக்கு வந்தவுடன் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைக்கிற சாமானா?

கடை அவருக்குப் பிழைப்பு என்றால் அமெச்சூர் ரேடியோ பைத்தியம். சோர் பஜாரில் பட்டாளத்துப் பழைய சாமான்களைப் பொறுக்கி வாங்கி, தானே ஒரு செட் கட்டி, சர்க்காரிடம் பரீட்சை எழுதி லைசென்ஸும் வாங்கிவிட்டார். வீட்டில் இருந்தபடியே கல்கத்தாக்காரனோடு பேசுவார். நாகபுரிக்காரனோடு பேசுவார். "இப்படிப் பேசிப் பேசி என்ன கிடைக்கி?" என்று மதீனா பீவி ஒருநாள் கேட்டாள். "பதில் கிடைக்கி" என்றார். பழக்க தோஷத்தில் வீட்டிலும் ஒவ்வொரு பேச்சையும் "ஓவர்" என்று சொல்லித்தான் முடிப்பார். "மீன் ஆணம் இன்னும் கொஞ்சம் ஊத்து, ஓவர்."

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு உலகம் பூராவும் "ஹாம்" என்று பெயர். இங்கிலீஷில் பன்றிக்கறிக்கும் அதே பெயர்தான் என்று மதீனா பீவியின் அண்ணன் ஜமால் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் அந்தச் செம்பு வந்தது.

பெயர்த் தகராறைக்கூட எப்படியோ சமாளித்துவிட்டார். இடத் தகராறைத்தான் சமாளிக்க முடியவில்லை. அவர்கள் குடியிருந்தது கோலி என்று பம்பாயில் சொல்கிற ஒற்றை அறை வீடு. அதற்கு ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலோரம், வெளிச்சம் விழுகிற இடத்தில், மதீனா பீவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தையல் மிஷின் இருந்தது. ஏரியல் கம்பி உள்ளே வரவும் அந்த ஒரு ஜன்னல்தான் வழி. ஆகவே மிஷின் மேல் ஒரு பலகையைப் போட்டு, பலகை மேல் செட்டைத் தூக்கி வைத்தார் கரீம் பாட்சா. "ரெண்டு நாளைக்கு" என்று சொல்லித்தான் வைத்தார். பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவர் அதை "மேஜை" என்பார். அவள் "எம் மிஷினு" என்பாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சட்டையும் பாவாடையும் தைக்கத் துணியைக் கொண்டுவருவார்கள். மிஷின் மேல் உட்கார்ந்து கல்கத்தா பேசிக்கொண்டிருக்கும். துணியைத் திருப்பிக் கொண்டுபோவார்கள்.

இப்படிப்பட்டவள் "சரி" என்றால்?

ஆனால் மாநாட்டு விஷயத்தில் கரீம் பாட்சா பின்வாங்குவதற்கில்லை. போன ஜூலையில் நடந்தது அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அந்த ஜூலைக் கூட்டத்துக்குச் சங்கத்தின் காரியதரிசி வேங்கடசுப்ரமணியன் மாதுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பிடித்திருந்தார். மூன்றாவது மாடி. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு. நாகபுரியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பெஞ்சுக்குள் சிக்கிக்கொண்டு, எழுந்து கைகுலுக்கியபோது பெஞ்சும் கூடவே எழுந்தது. மழை கூரை வழியாகத் தாராளமாக வந்து கலந்துகொண்டது. பக்கத்தில் ரயில் லைன். மின்சார வண்டி போகும்போதெல்லாம் செட்டில் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

இதெல்லாம்கூடப் போகட்டும். தூத்துக்குடியிலிருந்து தளவாய் வந்திருந்தார். எட்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணிக்குக் கரீம் பாட்சாவோடு ரேடியோவில் பேசுகிற மனிதர். முகம் பார்த்ததில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்தபோது இரும்புக் கம்பி விழுந்து ஒரு கால் போய்விட்டதை அவர் எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மூன்று மாடி ஏற முடியாமல், நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டின் அடியில், ஈரத்தில், ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கரீம் பாட்சாவுக்குச் சாயங்காலம் இறங்கி வரும்போதுதான் தெரிந்தது. குரலைக் கேட்டுத்தான் ஆளைத் தெரிந்துகொண்டார்.

"பரவாயில்ல பாட்சா. மேலேருந்து சத்தம் நல்லாத்தான் கேட்டுச்சு" என்றார் தளவாய்.

கரீம் பாட்சாவுக்கு எட்டு வருஷம் ஓயாமல் பேசிய சிநேகிதனிடம் நேரில் பேச ஒரு சொல்லும் இல்லாமல் போயிற்று. அன்று முடிவு செய்தார்: அடுத்த மாநாடு நல்ல இடத்தில் நடக்க வேண்டும். தரைத்தளமாக இருக்க வேண்டும். ரயில் லைன் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஏரியல் கம்பம் நட மைதானம் வேண்டும். அன்றிலிருந்து இதை வீட்டில் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டும் இருந்தார். கேட்பதற்கு மதீனா பீவி மட்டும்தான் இருந்தாள். அவள் கேட்கிறாள் என்று அவர் நினைக்கவில்லை.

"சரி" வந்த மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட வந்தவர், சந்து திரும்பும்போதே கவனித்தார். வாசலில் மதீனா பீவியும் பக்கத்துக் கோலி கோமதியம்மாளும் தலையோடு தலை ஒட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோமதியம்மாள் அம்பாசமுத்திரத்துக்காரி. அவள் ரகசியம் பேசினால் சயான் வரைக்கும் கேட்கும். "ஆபிதா", "ஹாலு", "பத்தாந்தேதி" என்று மூன்று வார்த்தை கரீம் பாட்சாவின் காதில் தெளிவாக விழுந்தது. அவரைக் கண்டதும் பேச்சு டக்கென்று நின்றது.

"என்ன பேச்சு?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஹாலுன்னு காதுல விழுந்துச்சே?"

"ஹாலு இல்லண்ணே, பாலு" என்றாள் கோமதியம்மாள்.

"பத்தாந்தேதின்னு வேற கேட்டுச்சு."

"பத்தாதேன்னேன். பாலு பத்தாதேன்னு சொன்னேன்" என்றாள் மதீனா பீவி.

"ஆபிதா?"

இரண்டு பெண்களும் ஒரு கணம் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"ஆப்பத்துக்கு" என்றாள் மதீனா பீவி. "ஆப்பத்துக்குப் பாலு பத்தாதேன்னு பேசிக்கிட்டிருந்தோம்."

கரீம் பாட்சா ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆப்பத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தார். சப்பாத்தி வந்தது.

இனி என்ன சாட்சி வேண்டும்? ஆபிதா, ஜமாலின் மகள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிக்காஹ் தேதியைத் தன் மாநாட்டுத் தேதியன்றைக்கே வைத்துவிட்டால்? மச்சான் மகள் கல்யாணத்தில் வீட்டு மாமா முன்னால் நிற்க வேண்டும். மைக்கைப் பிடித்துக்கொண்டு மாநாட்டில் நிற்க முடியுமா? சண்டை கிடையாது, சத்தம் கிடையாது, செம்பு கிடையாது. ஒரே அடியில் மாநாடு காலி. அதற்குத்தான் அந்தச் "சரி". அதற்குத்தான் சர்க்கரை.

மறுநாள் காலை அவருடைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் ஒரு பஸ் டிக்கெட் கிடந்தது. செம்பூர் டிக்கெட். ஒளித்து வைக்க வேறு இடமா கிடைக்கவில்லை, என்ன துணிச்சல் என்று நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கரீம் பாட்சா துப்பறியலானார். மாநாட்டுக்கு ஹால் தேடுகிற வேலை அப்படியே நின்றது.

புதன்கிழமை இரண்டு பெண்களும் மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள் போனார்கள். பின்னாலேயே இவரும் போனார். பூக்கடைப் பக்கத்தில் ஒரு மாடிக் கல்யாண ஹாலுக்குள் நுழைந்து, ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். அவர்கள் தலை மறைந்ததும் இவர் உள்ளே போனார். சுந்தரராமன் என்ற கணக்கப்பிள்ளை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்ப ரெண்டு லேடீஸ் வந்தாங்களே, என்ன கேட்டாங்க?"

"நீர் யாரு?"

"வேண்டியவன்."

"பிப்ரவரி பத்து, பதினொண்ணு காலியா இருக்கான்னா. இருக்குன்னேன். மாடியா கீழயான்னா. மாடின்னேன். ரயில் சத்தம் கேக்குமோன்னா. மாதுங்காவில வேற என்ன கேக்கும்னேன். வேண்டாம்னு எழுந்துண்டுட்டா."

கரீம் பாட்சா மனத்துக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. மாடி ஏன் ஆகாது? ஜமாலின் மாமியாருக்கு முழங்கால் வலி. ரயில் ஏன் ஆகாது? நிக்காஹ் ஓதுவது சபையின் காதில் விழ வேண்டாமா?

"அப்புறம், வாசல்ல உசரமா கம்பம் நட எடம் இருக்கான்னு வேற கேட்டா" என்றார் சுந்தரராமன்.

பந்தல். அதுவும் பொருந்தியது.

வியாழக்கிழமை கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் இன்னொரு செம்பூர் டிக்கெட். அன்று மாலை, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோமதியம்மாள் ரகசியம் பேசினாள். "செம்பூர் ஜமாஅத் ஹாலுதாம்க்கா லட்சணமா இருக்கு. நாளைக்கு நாலு மணிக்குப் போயி முடிச்சிருவோம். யாருகிட்டயும் மூச்சு விட்றாத."

கரீம் பாட்சா மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் கடையைத் திறக்காமலே செம்பூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே இருந்தது ஹால். திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரிகள் சேர்ந்து கட்டியது. போய் நின்றவருக்கு ஒரு நிமிஷம் வந்த வேலையே மறந்துவிட்டது. தரைத்தளம். வாசலில் ஒரு படிகூடக் கிடையாது, மண்ணிலிருந்து நேரே உள்ளே கால் வைக்கலாம். சுற்றிலும் மைதானம். ரயில் சத்தம் இல்லை. ஒரே நேரத்தில் முந்நூறு பேர் உட்காரலாம். தளவாய் ஊன்றுகோலோடு நேரே நடந்து வந்து முதல் வரிசையில் உட்காருவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. இப்படிப்பட்ட இடத்தில் பிரியாணி அண்டா வைக்கப் பார்க்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது.

"வோ பாயி தோ தீன் பார் ஆயி" என்றான் வாட்ச்மேன். அந்த அம்மாள் மூன்று தடவை வந்துவிட்டுப் போனாளாம்.

டிரஸ்டி ஷாகுல் ஹமீது ஹாஜியார் உள் அறையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, உக்காருங்க. என்ன விசேஷம்?"

"பிப்ரவரி பத்து, பதினொண்ணு ஹால் வேணும் ஹாஜியாரே. மாநாடு."

"நல்லது. எந்த ஜமாஅத்து மாநாடு?"

"ஜமாஅத்து இல்ல. ஹாம் மாநாடு."

வெற்றிலை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"என்ன மாநாடு?"

"ஹாம். அகில இந்திய ஹாம் மாநாடு. இருநூத்தம்பது ஹாம் வருது."

"அஸ்தஃபிருல்லாஹ்! நம்ம ஹாலுக்குள்ளயா?"

"ஐயோ, அது இல்ல ஹாஜியாரே! கறி இல்ல, காத்து! காத்துல பேசுத சமாச்சாரம். ரேடியோ! மனுசங்கதான் வாராங்க."

"மனுசன் வாரதுக்கு எதுக்கு அந்தப் பேரு?"

"வெள்ளைக்காரன் வச்சது."

"அவனுக்கு வேற பேரா கிடைக்கல?" ஹாஜியார் இவரை மேலும் கீழும் பார்த்தார். "நோட்டீஸ்ல, பேனர்ல, எங்கயும் அந்தப் பேரு வரக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

"இன்னொண்ணு. வாடகை வேண்டாம். ஆனா நம்ம ஜமாஅத்துப் பிள்ளைங்க பதினஞ்சு பேரு படிப்ப விட்டுட்டுச் சும்மா சுத்துதானுவ. பின்பக்கத்து ரூம உங்களுக்கு விட்டுருதேன். ஞாயித்துக்கிழமைதோறும் வந்து ரேடியோ வேலை சொல்லிக்கொடுக்கணும். உங்க செட்டு இங்கயே இருக்கணும்."

"எஞ் செட்டா?"

"உங்க செட்டுதான்."

"எத்தனை நாளைக்கு?"

"நாளைக்கு என்ன? நிரந்தரமா."

பன்னிரண்டு வருஷமாகத் தன் கண் முன்னால் இருந்த செட். அதை ஒன்றரை மைல் உள்ளே, ஊரான் வீட்டு ரூமில் விட்டுவிட்டு வருவதா? "வீட்டுல யோசிச்சுட்டு" என்று கரீம் பாட்சா ஆரம்பித்தார். அப்போதுதான் ஹாஜியாரின் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

கேட்டைத் தாண்டி ஒரு வெள்ளைத் துப்பட்டி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கோமதியம்மாளின் பச்சைச் சேலை. மணி மூன்றே முக்கால்.

"பேனா எங்க?" என்றார் கரீம் பாட்சா.

ஹாஜியார் காகிதத்தை எடுத்து நீட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. கையெழுத்தைப் போட்டார். போதாது என்று தோன்றிப் பக்கத்தில் இன்னொன்றும் போட்டார். காகிதம் முன்கூட்டியே டைப் அடித்துத் தயாராக இருந்ததைப் பற்றிச் சந்தேகப்பட அவருக்கு அவகாசம் இல்லை.

வாசலில் நேருக்கு நேர் சந்தித்தார்கள்.

"என்ன மதீனா, இந்தப் பக்கம்?"

"சும்மாதாங்க... காத்தாட வந்தோம்."

"காத்தாட செம்பூருக்கா?"

"தாராவிக் காத்துதான் உங்களுக்குத் தெரியும்லா?" என்றாள். தோல் பதனிடுகிற ஊரில் குடியிருப்பவர் அதை மறுக்க முடியவில்லை.

"உள்ள போகாத. பிரயோசனம் இல்ல. ரெண்டு நாளும் ஹால் எடுத்தாச்சு. கையெழுத்தும் ஆயாச்சு."

மதீனா பீவி துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கோமதியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவள் முதுகும் குலுங்கியது. இரண்டு பெண்கள் தெருவில் நின்று அழும்படி ஆகிவிட்டதே என்று கரீம் பாட்சாவுக்கே கொஞ்சம் சங்கடமாகப் போயிற்று.

"போவுது விடு. ஜமால்கிட்ட நான் பேசிக்கிடுதேன். வேற தேதி கிடைக்காமலா போவும்?"

"சரிங்க" என்றாள் துப்பட்டிக்குள்ளிருந்து.

இரண்டாவது "சரி". இதைத் தோல்வியின் "சரி" என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் முலுண்டிலிருந்து வேங்கடசுப்ரமணியன் ஓடிவந்து ஹாலைப் பார்த்துவிட்டு இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓய் பாட்சா, மூணு மாசமா நானும் அலைஞ்சேன். என் கண்ணுக்கு இது படலையே! எப்படிய்யா கண்டுபிடிச்சீர்?"

"மூளை வேணும்" என்றார் கரீம் பாட்சா. லைசென்ஸில் செட் இருக்கும் இடம் மாறுவதால் சர்க்காருக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்று வேங்கடசுப்ரமணியன் ஞாபகப்படுத்தினார். அவரே டைப் அடித்தும் கொடுத்தார். கரீம் பாட்சா அதிலும் கையெழுத்துப் போட்டார். ஜெயித்த சந்தோஷத்தில் அந்த மாதம் அவர் எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டார் என்று அவருக்கே தெரியாது.

பிப்ரவரி பத்தாம் தேதி மாநாடு அமர்க்களமாகக் கூடியது. மைதானத்தில் நான்கு மூங்கில் கம்பம், மேலே ஏரியல். வாசலில் "அமெச்சூர் ரேடியோ மாநாடு" என்று பேனர். விலக்கான வார்த்தை எங்கும் இல்லை. வருஷக்கணக்கில் குரலை மட்டும் கேட்டிருந்தவர்கள் முதல் தடவையாக முகம் பார்த்துக்கொண்டார்கள். இடி முழங்குகிற மாதிரிப் பேசுகிற கல்கத்தாக்காரர் ஐந்தடிகூட இல்லை. கீச்சுக் குரல் பூனாக்காரர் வாசலில் குனிந்து வந்தார். யாராவது வாயைத் திறந்தால் போதும், "அட, நீங்களா!" என்று எங்கிருந்தோ ஒருவர் பாய்ந்து வந்து கட்டிப் பிடித்தார்.

பத்து மணிக்குத் தளவாய் வந்தார். டாக்ஸியிலிருந்து இறங்கி, ஊன்றுகோலை ஊன்றி, வாசலில் ஒரு கணம் நின்று கீழே பார்த்தார். படியைத் தேடியிருப்பார். பிறகு யார் கையையும் பிடிக்காமல் நேரே நடந்து போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

"என்ன பாட்சா, பேச்சையே காணும்?" என்றார்.

"இருங்க, இருங்க. டீ சொல்லிட்டு வாரேன்" என்று கரீம் பாட்சா அவசரமாக அந்தப் பக்கம் போனார். தூணுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை டீக்காரன் மட்டும் பார்த்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நன்றி சொல்லும் கட்டம். கரீம் பாட்சாவுக்கு ரோஜா மாலை போட்டார்கள். இந்த மாதிரி இடத்தைக் கண்டுபிடிக்க இன்னொருவர் பிறந்து வர வேண்டும் என்றார் வேங்கடசுப்ரமணியன். கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு ஹாஜியார் எழுந்து மைக் முன்னால் வந்தார்.

"எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுக்கு அடுத்தபடி ஒரு சகோதரிக்கு நன்றி சொல்லணும். மூணு மாசம் முந்தி வந்தாவ. 'உங்க பின்பக்கத்து ரூமு சும்மா கிடக்கு. பிள்ளைங்களுக்கு ரேடியோ படிச்சுக் கொடுக்க ஆள் இருக்கு. ஆனா நீங்க கூப்பிட்டா வரமாட்டாவ, நான் சொன்னாலும் கேக்கமாட்டாவ. காகிதத்தை டைப் அடிச்சுத் தயாரா வச்சிக்கிடுங்க. அவங்களே ஓடி வந்து கேப்பாவ'ன்னு சொல்லிட்டுப் போனாவ. நான் நம்பல. ஆனா சொன்ன வெள்ளிக்கிழமை, சொன்ன மணிக்கு மனுசன் வந்து நின்னாரு! செட்டு விஷயத்துல கொஞ்சம் தயங்குவாரு, அந்த நேரத்துக்குச் சரியா நாங்க கேட்டுக்குள்ள வாரோம்னும் சொல்லியிருந்தாவ. எல்லாம் சொன்னாவ. அந்த வெள்ளைக்காரன் வச்ச பேரை மட்டும் சொல்லாம விட்டுட்டாவ."

இருநூற்றைம்பது பேரில் தமிழ் தெரிந்தவர்கள் நாற்பது பேர் இருக்கலாம். அவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவரவர் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மொழிபெயர்த்தார்கள். சிரிப்பு தெலுங்கில் ஒரு தடவை, வங்காளியில் ஒரு தடவை, மராட்டியில் ஒரு தடவை எழுந்து அடங்கியது. தளவாய் சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் கீழே விழுந்தது.

திங்கட்கிழமை காலை தளவாயை வி.டி. ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்தார் கரீம் பாட்சா. செட் செம்பூரில் தங்கிவிட்டது. ஜன்னலோரம் மிஷின் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. மதீனா பீவி மிதித்துக்கொண்டிருந்தாள். சுற்றி நான்கு பெண்கள் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். கோமதியம்மாள் பொத்தான் கோத்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் நான்கு பேரும் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்கள். கோமதியம்மாள் மட்டும் போகவில்லை.

"ஆபிதா நிக்காஹ் என்னாச்சு?" என்றார் கரீம் பாட்சா.

"ஹஜ்ஜுப் பெருநாள் கழிச்சு. மேலப்பாளையத்துல. ஒங்களுக்குச் சொல்லலியா?"

"சொல்லல."

"நீங்க கேக்கலியே. ஆப்பத்தைப் பத்தித்தான கேட்டீங்க?"

கோமதியம்மாள் பொத்தான் டப்பாவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"மிஷினு வேணும்னா நேரா எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா?"

"பன்னெண்டு வருசம் கேட்டேன்."

"சரி, செம்பூர்ல நல்ல ஹால் இருக்குன்னாவது ஒரு வார்த்தை நேராச் சொல்லியிருக்கலாம்லா? வெயில்ல மூணு நாள் பின்னாலயே அலைஞ்சிருக்கேன்."

மதீனா பீவி மிதிப்பதை நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சொல்லி இதுவரைக்கும் எந்தக் காரியத்தை நீங்க செஞ்சிருக்கீங்க? நான் மறைச்ச காரியத்தைத்தானே ஓடிப்போயிச் செய்வீங்க?"

கரீம் பாட்சா பதிலைத் தேடினார். பதில் கிடைக்கவில்லை, பொத்தானுக்குக் காஜா எடுக்கச் சொல்லி அவள் நீட்டிய சட்டைதான் கைக்குக் கிடைத்தது.